யாரைக் கேட்டு மொட்டை அடித்தார்கள்

என் அக்காவுக்குத் தலைமுடி என்றால் உயிர். மனநோய் வந்து, காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்று அழுத நாட்களில்கூடப் பின்னல் போடாமல் வாசலைத் தாண்ட மாட்டாள். அவளைத்தான் சோழவந்தான் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி இருந்த ஒரு தனியார் காப்பகத்தில் விட்டிருந்தோம். அப்பா போன பிறகு அம்மாவால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. நானோ அவனியாபுரத்தில் தையல் கடையே கதி என்று கிடந்தேன். வேளைக்கு மாத்திரை கொடுப்போம் என்றார் மேனேஜர். நம்பினோம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க விடுவார்கள். முதல் தடவை போனபோது அக்கா மொட்டைத் தலையோடு வந்து நின்றாள். தலை நிறையச் சந்தனம். எனக்குத் திக்கென்றது. அதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்.

"கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனோம்மா. சீக்கிரம் கொணமாகணும்னு வேண்டி முடி குடுத்தோம்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பிள்ளைக்காக யாரோ ஒருத்தர் சாமியிடம் வேண்டிக்கொண்டாரே என்று அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எங்கள் ஊரில் சந்தனம் பூசிய மொட்டையைப் பார்த்தால் வேண்டுதல் என்று நினைத்து யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எந்தக் கோயில் என்றுதான் கேட்பார்கள். நாங்கள் அதைக்கூடக் கேட்கவில்லை. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்திலேயே வார்டன் நின்றதால் அடக்கிக்கொண்டு, நாங்கள் வாங்கிப்போன பூவைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

முடி கொஞ்சம் வளர்ந்ததும் மறுபடியும் மொட்டை, மறுபடியும் சந்தனம். அன்றைக்குத் திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் கோரிப்பாளையத்து முஸ்லிம் ஒருவர் நின்றிருந்தார். அவருடைய தங்கையும் அதே காப்பகத்தில்தான் இருந்தாள். அம்மா பேச்சுவாக்கில், "நல்ல மனுசங்க தம்பி, கோயிலுக்கெல்லாம் கூட்டிட்டுப் போறாக" என்றாள்.

அவர் முழித்தார். "கோயிலா? தர்காவுல முடி எறக்குனதாத்தானம்மா எங்கிட்டச் சொன்னாக? எந் தங்கச்சி தலையிலயும் சந்தனந்தான்."

ஆளுக்கு ஒரு கதையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பேரும் திரும்பி நடந்து, யாரிடமும் கேட்காமல் உள்ளே போனோம். கூடத்தில் பெண்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் மொட்டை. பார்க்க ஆள் வராதவர்களின் தலையில் சந்தனம்கூட இல்லை. பிளேடு கீறிய தழும்புகள்தான் இருந்தன.

மேனேஜர் மழுப்பக்கூட இல்லை. "பேனு புடிக்குதும்மா. இம்புட்டுப் பேருக்கு யாரு தலை சீவி விடுறது? குளிப்பாட்டவும் லேசு. பாக்க வாரவக மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சந்தனம்."

"அவளக் கேட்டீகளா?" என்று கத்தினேன்.

"பைத்தியத்துக்கிட்ட என்னத்தக் கேக்குறது?"

சோற்றுத் தட்டை வைத்துவிட்டு அக்கா எழுந்து வந்தாள். "மாட்டேன்னுதான் சொன்னேன். கையக் கட்டிப்புட்டுச் செரச்சாங்க."

வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்! நோய் வந்துவிட்டால் ஒருத்தியின் தலை அவளுடையது இல்லை என்று ஆகிவிடுமா? கோயிலையும் தர்காவையும் ஒரே கிண்ணத்துச் சந்தனத்தில் குழைத்துப் பூசிய அந்த ஆளுக்கு எங்கள் பக்தி எவ்வளவு வசதியாகப் போயிருக்கிறது.

அன்றே அக்காவைக் கூட்டி வந்துவிட்டோம். கோரிப்பாளையத்துக்காரரும் தன் தங்கையைக் கூட்டிப்போனார். கலெக்டர் ஆபீசில் புகார் கொடுத்தோம். விசாரிப்பதாகச் சொன்னார்கள், இன்னும் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். சந்தனம்கூட இல்லாத அந்தப் பெண்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

பெரியாஸ்பத்திரி மாத்திரையில் அக்கா மெல்லத் தேறினாள். பின்னல் போடும் அளவுக்கு முடியும் வளர்ந்தது. அப்போது பார்த்து அம்மா, "இவ நல்லபடியா வீடு வந்து சேந்தா முடி குடுக்குறதாக் கொலசாமிக்கு நேந்திருக்கேன்" என்றாள்.

அக்கா பின்னலை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "நேந்துக்கிட்டது யாரு?"

"நாந்தேன்."

"அப்ப ஒன் முடியக் குடு."

அம்மா கொடுத்தாள். கோயிலில் சந்தனக் கிண்ணத்தை அக்காதான் கையில் வாங்கினாள்.

"பூசட்டுமாம்மா?" என்று கேட்டாள். அம்மா தலையாட்டும் வரை காத்திருந்துவிட்டுத்தான் பூசினாள்.