அளவுக்கு நின்ற ஆள்

படத்தைச் சுற்றியிருந்த பழுப்புக் காகிதத்தை நான்தான் பிரித்தேன். முதலில் கூரை தெரிந்தது. ராயபுரத்தில் எழுபதுகளில் கட்டிய கிடங்கு அது. கைவிசிறிக்குக் காகிதம் மடிப்பதுபோல் காங்கிரீட்டையே மடித்து மடித்துக் கூரையாகப் போட்டிருப்பார்கள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். அந்த மடிப்பின் உச்சியில், லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கையில் தார் வாளியோடு ஓர் ஆள் நின்றிருந்தார். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முகம், அதில் பெரிய மீசை. அது என் அப்பா.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தொண்ணூறுகளின் கடைசி. திருவொற்றியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி நுங்கம்பாக்கத்தில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கோணல்மாணலாகச் செய்த களிமண் கோப்பை, மூங்கில் விளக்கு, கைத்தறித் திரை என்று எங்கள் தெருவில் யாரும் இனாமாகக் கொடுத்தாலும் யோசிக்கும் பொருட்களை விற்கிற கடை. பின்பக்க ஹாலில் மாதத்துக்கு ஒரு கண்காட்சி நடக்கும். மதியம் சாப்பாட்டு டப்பாவை அவசரமாகக் காலி செய்துவிட்டு, சுற்றுவட்டாரத்துக் காங்கிரீட் கட்டடங்களை வேடிக்கை பார்க்கப் போவேன். வெயிலை வடிகட்டும் சிமெண்ட் ஜாலிகள், தாங்குவதற்கு ஒன்றுமே இல்லாமல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் படிகள். வாட்ச்மேன் தொண்டையைச் செருமினாலே ஓடிவந்துவிடுவேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஆனாலும் மறுநாள் போவேன்.

அந்த மாதம் அதே மாதிரிக் கட்டடங்களின் புகைப்படக் கண்காட்சி. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போடும் செலவை ஏற்றிருந்தது எண்ணூரில் இருக்கும் ஒரு தொழிற்சாலை. அதன் கேன்டீனில்தான் அப்பாவுக்கு வேலை, நிரந்தர வேலை. திறப்பு விழாவுக்கு விருந்தினராக வரவிருந்தவர் அந்தத் தொழிற்சாலையின் பர்சனல் அதிகாரி, ஆட்களை எடுப்பதும் நீக்குவதும் அவர் கையில்.

அப்பா கூரையில் நின்ற அந்த நாட்களில் அவர் இ.எஸ்.ஐ. மருத்துவ விடுப்பில் இருந்தார். சாம்பார் அண்டா தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது நிஜம், இரண்டு வாரம் புரண்டு படுக்க முடியாமல் கிடந்ததும் நிஜம். மூன்றாவது வாரம் வலி விட்டதும், கூரைக்குத் தார் பூசும் கான்ட்ராக்ட் எடுத்திருந்த தோஸ்து கூப்பிட்டார் என்று மூன்று நாள் போய்விட்டார். தப்பு தப்புதான். முந்தின வருடம், இ.எஸ்.ஐ. விடுப்பில் ஆட்டோ ஓட்டிய ஒருவரை இதே அதிகாரி கண்ணால் பார்த்து, மெமோ கொடுத்து, விசாரணை வைத்து, வேலையை விட்டே அனுப்பியிருந்தார். அந்த மனிதர் பிறகு எங்கள் தெருமுனையில் சும்மா உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்தோம்.

வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"மூஞ்சி தெரியுதா?"

"நல்லா தெரியுது நைனா."

"அந்தாளு ஃபோட்டோ புடிச்சது எனக்குத் தெரியவே தெரியாதும்மா. கீய ஒர்த்தரு ஒரு பெட்டிய வெச்சினு நின்னுகினு இருந்தாரு. நான் சர்வே எடுக்குறாருன்னு நெனச்சேன்."

"மொதல்ல மீசைய எடு. யாருக்கும் அடையாளம் தெரியாது" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் இருபத்தைந்து வருட மீசை போய்விட்டது. அதற்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது. படத்தில் இருப்பது மீசை வைத்த ஆள். அதிகாரி பத்தொன்பது வருடமாகப் பார்த்துவருவதும் மீசை வைத்த ஆள். இப்போது எடுத்து என்ன பிரயோஜனம்? மூன்று பேரில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை. பயம் அப்படிப் புத்தியைத் தின்றிருந்தது. கேன்டீனில் எல்லோரும் கேலி செய்தார்களாம். அதிகாரியின் அறைக்கு வழக்கம்போல் பதினோரு மணி டீ கொண்டுபோனபோது அவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லையாம். அதை அப்பா பெரிய நிம்மதியாக வந்து சொன்னார்.

நான் கடையில் என்னால் ஆன திருட்டுத்தனத்தைச் செய்தேன். படத்தைக் கழிவறைக்குப் போகும் நடையில் மாட்டினேன். முதலாளியம்மா, "இதுதாம்மா இருக்கறதுலயே நல்ல படம், நடுச் சுவருக்குக் கொண்டு வா" என்றார். படங்களுக்குக் கீழே ஒட்டும் அட்டைகளை டைப் அடித்தது நான். கட்டடம் இருக்கும் இடம், கட்டிய வருடம், படமெடுத்த தேதி. இதற்கு மட்டும் தேதியை விட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் முதலாளியம்மா கண்டுபிடித்துவிட்டார். அப்பாவைக் காட்டிக்கொடுக்கும் தேதியை என் விரலாலேயே அடித்தேன். அடிக்கும்போது அழுகை வந்தது.

கடைசியில் புகைப்படக்காரரிடமே போய், இந்த ஒரு படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். காரணம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். "கூரை எவ்வளவு பெரிசுன்னு வெறும் கூரையைப் பார்த்தா தெரியாதும்மா. ஒரு ஆள் நிக்கணும். அவர்தான் அளவு. அவர் இல்லேன்னா இந்தப் படமே இல்லை." நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

திறப்பு விழா மாலை. எனக்குக் கொடுத்த வேலை ஜூஸ் தட்டோடு நிற்பது. கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணு என்றன. சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அதிகாரி குத்துவிளக்கு ஏற்றினார். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தங்கள் தொழிற்சாலைப் புகைபோக்கியின் படத்தைக்கூட வேகமாகக் கடந்தவர், நடுச் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார். நான் மூன்றடி தள்ளி நிற்கிறேன். குனிந்து அட்டையைப் படித்தார், தேதி வரைக்கும் படித்தார். நிமிர்ந்து, சரிந்த கண்ணாடியைக் கண்ணுக்கு நேராக ஏற்றிக்கொண்டு, படத்தில் மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே போனார். விரலை நீட்டி அப்பாவின் முகத்துக்கு நேராக வைத்தார்.

"இந்த ஆள்..." என்றார்.

தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரும், அவர் பக்கத்தில் மீசையில்லாத அப்பாவும் கண்முன் வந்தார்கள்.

"இந்த ஆள் நிக்கலேன்னா உயரமே தெரிஞ்சிருக்காது, இல்லையா? யாரோ கூலி ஆளைப் புடிச்சு சரியான இடத்துல நிறுத்தியிருக்கீங்க. பிரமாதம்."

"நான் நிறுத்தலை சார், அவரே நின்னார்" என்றார் புகைப்படக்காரர். அதிகாரி சிரித்தார். என் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார்.

திருவொற்றியூரில் இறங்கும்போது அப்பா பஸ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னாச்சும்மா?"

"பாத்தாரு நைனா. நீன்னு தெரியல."

அப்பா அப்படியே ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பெருமூச்சு விட்டார், சிரித்தார், "எங்க அம்மா காப்பாத்திட்டா" என்று அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கும் அப்போதுதான் கால் தரையில் பாவியது. வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தோம். ரயில்வே கேட் தாண்டும் வரைக்கும் தொழிற்சங்கக் கதையெல்லாம் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். பிறகு சட்டென்று நின்றார்.

"கிட்ட நின்னு பாத்தாரா?" என்று கேட்டார்.

"கிட்டதான் நைனா."

"கண்ணாடி போட்டுகினா?"

"போட்டுகினுதான்."

மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே நடந்தார்.

"வெளிச்சம் கம்மியா இருந்திருக்கும்" என்றார்.

அந்தப் படத்துக்கு மட்டும் நேராக இரண்டு விளக்கு போட்டிருந்தோம்.

"ஆமா நைனா," என்றேன், "அங்க வெளிச்சம் கம்மிதான்."