தங்க ஜரிகை வைத்த பச்சை ஹலாத்

அனார்கான் தைத்த பச்சை ஹலாத்தைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு வருடமாக யாரும் ஒரு குறை சொன்னதில்லை. வீட்டில் பெண்கள் காலையில் மாட்டினால் இரவு வரை கழற்றாத நீள வெல்வெட் அங்கி அது. முன்பக்கம் ஜிப், இரண்டு ஆழமான பைகள், கழுத்தைச் சுற்றித் தங்க ஜரிகை. கைநுனியில் எலாஸ்டிக் வைத்திருந்தாள். மாவு பிசையும்போது மேலே தள்ளிவிட்டால் இறங்காது. மருமகளாக வாழ்க்கைப்பட்ட வீட்டில் வருடக்கணக்காக மாவு பிசைந்தவளுக்கு அந்த எலாஸ்டிக்கின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிஷ்கெக் நகரம் முடிந்து புழுதி தொடங்கும் இடத்தில் அவள் வீடு. முற்றத்தை மூடிக் கட்டிய கொட்டகையில் எட்டுத் தையல் மெஷின்களும் துணி வெட்டும் மேசையும் இருந்தன. வெட்டுவது ரோசா. அனார்கானின் கணவன் சோவெத்பெக் தோர்தோய் சந்தையில் ஒரு கன்டெய்னர் கடை வைத்திருந்தான். கஜகஸ்தானிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருகிற மொத்த வியாபாரிகள் துணியைத் தடவிப் பார்ப்பார்கள், பேரம் பேசுவார்கள், மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். விளம்பரம் என்ற சொல்லுக்கே அந்த வீட்டில் வேலை இல்லாமல் இருந்தது.

பிறகு வியாபாரிகள் நேரில் வருவது குறைந்தது. போனில் படம் அனுப்பச் சொன்னார்கள். மகன் கட்டிக்கொண்டு வந்த ஜிர்கல் கெட்டிக்காரப் பெண். அவள்தான் இன்ஸ்டாகிராமில் கடைக்கு ஒரு பக்கம் தொடங்கினாள்.

"அத்தை, இப்பல்லாம் படம் போட்டா யாரும் பாக்கறதில்ல. வீடியோ போடணும். பாட்டு வேற ஓடணும்."

"துணிக்கு எதுக்குடி பாட்டு?"

"இந்த வாரம் எல்லாரும் இந்தப் பாட்டுக்குத்தான் போடறாங்க. நாமளும் போட்டாத்தான் நம்ம பக்கத்தை மேல காட்டும்."

அந்த வாரம் ரோசா கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்ட வேண்டியிருந்தது. இரண்டு பேரப்பிள்ளைகள் எடுத்த ரோசாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், குஷி ஒரு பக்கம். அடுத்த வாரம் அந்தப் பாட்டு பழசாகிவிட்டது. இப்போது எல்லாரும் கதவைத் திறந்துகொண்டு மெதுவாக நடந்து வர வேண்டுமாம். அதற்கடுத்த வாரம் யாரும் பேசவே கூடாதாம், துணி உரசுகிற சத்தம் மட்டும் கேட்க வேண்டுமாம். அதற்காக எட்டு மெஷின்களையும் நிறுத்தச் சொன்னாள் ஜிர்கல். அனார்கான் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள். தைக்கிற நேரத்தில் தைக்காமல், தைப்பது போலப் படம் எடுப்பது என்ன பிழைப்பு என்று அவளுக்கு விளங்கவேயில்லை. ஆனாலும் ஆர்டர் வந்ததால் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் மாதத்து நூருஸ் பண்டிகை முடிந்த பிறகு ஒரு நாள் அனார்கான் கொட்டகைக்குள் நுழைந்தபோது பெண்கள் எல்லாரும் ஜிர்கலின் போனைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஆளுக்கொரு மெஷினுக்கு ஓடினார்கள். ஜிர்கல் போனைப் பாக்கெட்டுக்குள் தள்ளினாள்.

"என்னன்னு காட்டு."

"ஒண்ணுமில்ல அத்தை."

"காட்டுன்னா காட்டு."

ஒரு சின்னப் பெண், புருவத்தைக் கரியால் தடிமனாக வரைந்து, வயிற்றில் தலையணை கட்டி, மாமியார் வேஷம் போட்டிருந்தாள். மருமகள் டீ ஊற்றித் தருகிறாள். மாமியார் ஒரு வாய் குடிக்கிறாள், கிண்ணத்தைக் கீழே வைக்கிறாள். "நான் எதுவும் சொல்லலம்மா," என்று ஆரம்பிக்கிறாள். அதன்பிறகு மூச்சு விடாமல் டீயில் தொடங்கி, ரொட்டியில் ஏறி, மருமகளின் பிறந்த வீட்டில் போய் இறங்குகிறாள். நன்றாகத்தான் நடித்தாள். ஆனால் அவள் உடுத்தியிருந்தது பச்சை வெல்வெட், கழுத்தில் தங்க ஜரிகை, கைநுனியில் எலாஸ்டிக்.

"இது நம்ம ஹலாத்," என்றாள் அனார்கான்.

"ஆமா அத்தை. பத்து லட்சம் பேர் பாத்திருக்காங்க!" ஜிர்கலின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெண் அடுத்தடுத்து அதே வேஷத்தில் வீடியோ போட்டாள். மினிபஸ்ஸில், கல்யாண வீட்டில், மருத்துவமனை வரிசையில், எங்கும் அந்த மாமியார், அதே ஹலாத். ஊர் முழுக்க 'நான் எதுவும் சொல்லலம்மா' என்று சொல்லிச் சிரித்தது. ஒரு வாரத்தில் சோவெத்பெக் சந்தையிலிருந்து போன் செய்தான்.

"கஜகஸ்தான்ல இருந்து வர்ற அந்தத் தல்திகோர்கான்காரி ஒரு மூட்டையைத் திருப்பிக் கொண்டு வந்து போட்டுட்டா."

"ஏன், தையல் விட்டுருச்சா?"

"தையலுக்கு என்ன? கடைக்கு வர்ற பொம்பளைங்க இதைப் பாத்துச் சிரிக்கிறாங்களாம். இது அந்த மாமியார் ஹலாத்தாச்சே, இதைப் போட்டா வீட்ல என்னைக் கிண்டல் பண்ணுவாங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டுப் போயிடறாங்களாம்."

அனார்கானுக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. துணி அதே துணி. தையல் அதே தையல். போன மாதம் வரை அம்மாவுக்கு என்று வாங்கிப் போனவர்கள் இந்த மாதம் அம்மாவுக்கு வேண்டாம் என்கிறார்கள். இதில் எதைச் சரிசெய்வது?

வீட்டுக்குள் அதைவிட மோசம். ஒரு மத்தியானம் எல்லாரும் லக்மான் நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தபோது குழம்பில் உப்புத் தூக்கலாக இருந்தது. "நான் எதுவும் சொல்லல, ஆனா..." என்று அனார்கான் வழக்கம்போல வாய் திறந்துவிட்டாள். ரோசா மூக்கால் குழம்பைச் சிந்தினாள். தையல் பெண்கள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். ஜிர்கல் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, எழுந்து வெளியே ஓடிவிட்டாள். அனார்கான் கரண்டியைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய் நின்றாள். வாழ்நாள் முழுக்கப் பேசிய பேச்சைத் தன் வீட்டிலேயே பேச முடியாமல் போய்விட்டது. அந்த வீடியோவுக்குள் தான் மட்டும் இருப்பது போலவும், மற்ற எல்லாரும் வெளியே நின்று பார்த்துச் சிரிப்பது போலவும் அவளுக்குத் தோன்றியது.

மே மாதம் காற்று திசை மாறியது. மாணவர்களின் நகைச்சுவைப் போட்டிக்கு யாரோ அந்த ஹலாத்தைப் போட்டுக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான், இளவட்டங்கள் எல்லாருக்கும் அது வேண்டுமென்றாகிவிட்டது. பிறந்தநாளுக்குத் தோழிகள் ஐந்து பேர் ஒரே மாதிரி உடுத்திப் படம் எடுத்தார்கள். மீசை வைத்த பையன்கள் எல்லாம் அளவு கேட்டு எழுதினார்கள். ஜிர்கலின் போன் ஓயவில்லை.

"அத்தை, வெட்டச் சொல்லுங்க. இந்த மாதிரி நேரம் திரும்ப வராது."

"இது சிரிப்புக்கு வாங்கறாங்க. சிரிப்பு எத்தனை நாள் இருக்கும்?"

"எல்லாத்துக்கும் இப்படிச் சந்தேகப்பட்டா எப்படி? பக்கத்துத் தெருவில ரெண்டு பட்டறையில நம்ம மாடலைக் காப்பியடிக்கிறாங்க. நாம தைக்கலன்னா அவங்க தைப்பாங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கவிழ்த்தது. மனம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கைவசம் இருந்த பணத்துக்கெல்லாம் பச்சை வெல்வெட் வாங்கி இறக்கினாள். இன்னும் நான்கு பெண்களை வேலைக்குச் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடியது.

ஜூன் நடுவில் அந்த வீடியோப் பெண் மாமியார் வேஷத்தை விட்டுவிட்டு, டாக்சியில் வாய் ஓயாமல் பேசும் பயணியாக நடிக்க ஆரம்பித்தாள். ஆர்டர் ஒரு வாரத்தில் பாதியானது, மறு வாரத்தில் நின்றே போனது. காப்பியடித்த பட்டறைகள் தங்கள் சரக்கைக் கிடைத்த விலைக்குத் தள்ளின. அனார்கானின் மூட்டைகள் கொட்டகையை நிரப்பி, கூடத்துக்கு வந்து, விருந்தாளிகளுக்கு விரிக்கும் மெத்தைகளின்மேல் ஏறிக் கூரையைத் தொட்டன. டிவியை அணைப்பதற்குச் சோவெத்பெக் மூட்டைகளுக்கு நடுவில் பக்கவாட்டில் நடந்து போனான்.

ஜிர்கல் பயந்துபோய் ஒரு விளம்பர ஆலோசகனைக் கூட்டி வந்தாள். வெள்ளை ஷூ போட்ட இளைஞன். ஷூவைக் கழற்றும்போதே, மூத்த பெண்களை அழைக்கும் 'எஜே'யோடு பேச ஆரம்பித்தான்.

"எஜே, முதல்ல ஒண்ணு கேக்கறேன். உங்க பிராண்டோட வலி என்ன?"

"இடுப்பு வலி," என்றாள் அனார்கான். "காலையில எந்திரிக்கும்போது ரொம்ப இருக்கு."

அவன் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டான். பிறகு தன் யோசனையைச் சொன்னான். அனார்கானே அந்த மாமியாராக நடிக்க வேண்டும். நிஜ மாமியார், நிஜ மருமகள், நிஜ ஹலாத். மருமகளைத் திட்ட வேண்டும், தினம் ஒன்று. மக்களுக்கு நிஜம்தான் பிடிக்கும் என்றான்.

"அவளைத் திட்டணும்னா நான் சும்மாவே திட்டுவேன். அதை எதுக்கு ஊருக்குக் காட்டணும்?"

"அதுதான் எஜே கன்டென்ட்."

அவனுக்கு டீயும் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் கொடுத்து அனுப்பிவைத்தாள். அவன் தெருமுனை தாண்டுவதற்குள் ஜிர்கலைக் கூப்பிட்டாள்.

"அந்த வீடியோக்காரிக்கு எழுது. நான் வந்து பாக்கணும்னு சொல்லு."

"அத்தை, சண்டை போடாதீங்க..."

"எழுது."

அந்தப் பெண்ணின் பெயர் அய்ஜார்கின். நகரத்துக்குக் கிழக்கே தோக்மோக் ஊரில் வீடு. தாராளமாக வாருங்கள் என்று உடனே பதில் வந்தது. மாமியாரும் மருமகளும் மினிபஸ் ஏறிப் போனார்கள். வழி நெடுக அனார்கான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். நீ சிரிச்சிட்டே, என் பன்னிரண்டு பொம்பளைங்களுக்கு வேலை இல்லாமப் போச்சு. யார் உடுப்பைப் போட்டு யாரைக் கேலி பண்றே?

கதவைத் திறந்தது இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு மெலிந்த பெண். பின்னாலேயே ஒரு பெரிய அம்மாள் வந்தாள். அவள் உடுத்தியிருந்தது அதே பச்சை ஹலாத். முழங்கை தேய்ந்து, ஜரிகை மங்கி, நன்றாக உழைத்திருந்தது.

"வாங்க வாங்க! நீங்கதான் இதைத் தைச்சவங்களா? எத்தனை வருஷமாப் போடறேன் தெரியுமா? இவ வேஷத்துக்குப் போடறதும் இதைத்தான். துவைச்சுக் காயப்போட்டா எனக்கு மாத்திக்க ஒண்ணும் இருக்காது."

உள்ளே டீ மேசையில் உட்கார்ந்ததும் அனார்கான் அய்ஜார்கினைப் பார்த்தாள், அந்த அம்மாளைப் பார்த்தாள். "இவங்களையா கிண்டல் பண்றே?"

"ஐயோ எஜே, வீடியோ எடுக்கிறதே எங்க அத்தைதான்! வசனமும் அவங்கதான்."

"எல்லாம் என் மாமியார் பேசினது," என்றாள் பெரிய அம்மாள், வெண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தியபடி. "உசிரோட இருந்தப்ப வாயைத் திறக்க முடியல. இப்ப இவ புண்ணியத்துல பேசிக்கிறேன்."

வழி நெடுக அடுக்கிக்கொண்டு வந்த திட்டை யார்மேல் இறக்குவது? இங்கே கெட்டவர்கள் யாருமில்லை. இரண்டு பெண்கள் அடுக்களையில் சிரித்திருக்கிறார்கள், அவள் வீட்டில் மூட்டை கூரையைத் தொட்டிருக்கிறது. யாராவது ஒருத்தராவது கெட்டவராக இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அவள் நடந்ததைச் சொன்னாள். கேட்டவர்களின் முகம் வாடியது. அய்ஜார்கின் அவசரமாக, "வேணும்னா காசு வாங்காம ஒரு வீடியோ போடறேன் எஜே. யார் தைச்சதுன்னு சொல்றேன்," என்றாள். பிறகு தயங்கினாள். "ஆனா பாப்பாங்களான்னு தெரியல. அந்த மாமியார் மக்களுக்குச் சலிச்சுப்போச்சு."

சலித்துப் போனது! அனார்கானுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "வேண்டாம்மா," என்றாள். "நீ உன் டாக்சியைப் பாரு."

பெரிய அம்மாள் அவளை வாசல் வரை கொண்டுவிட வந்தாள். ஹலாத்தின் கழுத்தைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே? இந்த ஜரிகை முதல் நாள்ல இருந்தே குத்துது. உடுப்பு நல்லா இருக்கேன்னுதான் பொறுத்துக்கிட்டேன்," என்றாள்.

திரும்பி வரும் வழியில் அனார்கான் தன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். ஜிர்கல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் அனார்கான் கேட்டாள்:

"ஜரிகை இல்லாம அதைப் பாத்தா, அந்த மாமியார் ஹலாத்னு உனக்குத் தோணுமா?"

ஜிர்கல் போனில் படத்தை எடுத்து, கழுத்துப் பகுதியை விரலால் மறைத்துப் பார்த்தாள். "தோணாது அத்தை. சாதாரணப் பச்சை ஹலாத் மாதிரி இருக்கு."

மறுநாள் கொட்டகையில் எல்லாரும் தைப்பதை விட்டு, மூட்டை மூட்டையாக ஜரிகையைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். தைத்ததைப் பிரிப்பது போல எரிச்சலான வேலை உலகத்தில் கிடையாது. வெல்வெட்டில் ஊசித் தடம் வரிவரியாக நின்றது. நீராவி காட்டினால் பாதிதான் மறைந்தது. மிச்சத்தை மறைக்க ரோசா மீந்த துணியில் அகலமான மடிப்புக் காலர் வெட்டினாள். அதில் ஒரு மாதம் போயிற்று. நான்கு பெண்களை நிறுத்த வேண்டி வந்தது. அவர்களிடம் அதைச் சொல்லும்போது அனார்கான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜிர்கல் இந்த முறை பாட்டு எதுவும் போடவில்லை. தன் அம்மாவைப் புதுக் காலர் ஹலாத்தை உடுத்தவைத்து, மாவு பிசையச் சொல்லி, கையை மட்டும் படம் எடுத்துப் போட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாக விற்றது. தல்திகோர்கான்காரி இரண்டு மூட்டை எடுத்தாள். "இப்பதான் நல்லா இருக்கு. போன மாடல் அந்த மாமியார் போட்டது மாதிரி அசிங்கமா இருந்தது," என்று சோவெத்பெக்கிடம் சொன்னாளாம். அவன் வீட்டில் வந்து சொன்னபோது அனார்கான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இலையுதிர் காலம் முடிவதற்குள் கூடத்தில் மெத்தை விரிக்க இடம் வந்தது. லாபம் என்று சொல்ல எதுவுமில்லை, நஷ்டமும் கழுத்தை நெரிக்கவில்லை.

பனி விழுந்த வாரம் ஜிர்கல் மறுபடி போனோடு வந்து நின்றாள்.

"அத்தை, கோபப்படாதீங்க. இப்ப எல்லாரும் பால் வண்ணத்துல, பெரிய பெரிய பொத்தான் வச்சுப் போடறாங்க."

"பால் வண்ணத்துல அடுப்படியில நிக்கறதா? டீ சிந்தினா என்ன பண்ணுவாங்க?"

"சிந்தாம குடிப்பாங்க."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல, போடறாங்க. அவ்வளவுதான்."

அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அனார்கான் ரோசாவைக் கூப்பிட்டு, "இருபது வெட்டு. இருபத்தொண்ணு வெட்டினா உன் கத்தரிக்கோலைப் பிடுங்கிடுவேன்," என்றாள்.

இருபதும் ஒரே நாளில் போயின. இன்னும் கேட்டு எழுதினார்கள். அந்தத் துணி கையில் மிச்சமில்லை. ஜிர்கல் கொட்டகை நடுவில் நின்று, "இருபதுதான் வெட்டணும்னு யாருக்கு நேர்த்திக்கடன்? ஐம்பது வெட்டியிருக்கலாமே!" என்று கையை உதறினாள்.

ஐம்பது வெட்டியிருந்தால் ஐம்பதும் போயிருக்கலாம், ஐம்பதும் மெத்தைமேல் ஏறியிருக்கலாம். எது நடந்திருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது, அந்த வெள்ளை ஷூக்காரனுக்கும் தெரியாது. அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மெஷினில் நூல் கோத்தாள்.

"துணிக்காரனுக்குப் போன் போடு," என்றாள் எரிச்சலோடு. "இன்னும் முப்பதுக்கு மட்டும் கேளு. சீக்கிரம் போடு, அதுக்குள்ள அதுவும் பழசாயிடப் போகுது."