இரண்டு பல் தள்ளி

டைலரம்மாவுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. பதினொரு மணிக்கு டிரைவிங் டெஸ்ட். முன்பு போனபோதெல்லாம் நடுவழியில் வண்டியை அணைத்துவிட்டு, அசடு வழியத் திரும்பி வந்தவள். இன்றைக்கும் கோட்டை விட்டால் பழகுநர் உரிமம் காலாவதி; மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு டீசல் கார், அதுவும் புருஷன் வாடகைக்கு ஓட்டுகிற கார். அது வாசலில் பானெட்டைத் திறந்துகொண்டு செத்துக் கிடந்தது.

கார் ஓட்ட வேண்டும் என்று அவள் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. முன்னறையில் தையல் மெஷின், அதைச் சுற்றி அடுத்தவர் வீட்டுத் துணி மூட்டைகள், இதுதான் அவள் உலகம். போன வருஷம் அவர்தான் திடீரென்று பிடிவாதம் பிடித்தார். "இந்த வயசுல எனக்கு எதுக்குங்க ஸ்டீயரிங்?" என்று கேட்டதற்கு, "கத்துக்கோ, சும்மா தொணதொணக்காத" என்று வாயை அடைத்துவிட்டார். சரி, கத்துக்கொண்டாள். கத்துக்கொண்டவளை நிம்மதியாக டெஸ்டுக்குப் போகவிட்டாரா? நேற்று சாயந்திரம், "என்ஜின் கொஞ்சம் முட்டுது. அதான் உன் கையில அணைஞ்சு போகுது. டைமிங்கைச் சரி பண்ணி வெண்ணெய் மாதிரி ஆக்கித் தரேன்" என்று, என்ஜினையும் டீசல் பம்ப்பையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கிற டைமிங் பெல்ட்டைக் கழற்றி மாட்டினார். பல வருஷம் வண்டி ஓட்டிய ஒவ்வொருவருக்கும் தானே பாதி மெக்கானிக் என்று ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பை எந்த மெக்கானிக்காலும் பழுது பார்க்க முடியாது.

"செல்ஃப் அடி!"

அவள் சாவியைத் திருப்பினாள். என்ஜின் ஜோராகச் சுற்றியது, பிடிக்கவில்லை. பின்னால் குழாயிலிருந்து வெள்ளைப் புகை மட்டும் குபுகுபுவென்று வந்தது.

"போதும், நிறுத்து. பேட்டரி தீந்துடும்."

"நிறுத்தச் சொன்னா நிறுத்தறேன், அடின்னா அடிக்கறேன். வண்டி எப்பங்க கிளம்பும்?"

"ஏர் பிடிச்சிருக்கும்" என்றார். குழாய் நட்டைத் தளர்த்தினார். டீசல் அவர் சட்டையெல்லாம் பீய்ச்சியது, காற்று இல்லை. ஹீட்டர் ப்ளக்காக இருக்கும் என்றார். அதற்கும் கரண்ட் ஒழுங்காக வந்தது. மறுபடி செல்ஃப், மறுபடி வெள்ளைப் புகை. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை அறைந்து சாத்தினார்.

"டீசல் போகுது, ஆனா எரியல. அப்ப டைமிங்தான் தப்பா இருக்கணும்" என்று முணுமுணுத்தவர், உடனே தலையை ஆட்டினார். "ஆனா சக்கரத்து மார்க்கெல்லாம் நேரா இருக்கே. நானே பார்த்து வெச்சேன்."

அவள் பொறுமை அறுந்தது. கதவைப் படாரென்று சாத்திவிட்டு இறங்கினாள். "நான் லைசென்ஸ் வாங்கிடக் கூடாதுன்னே பண்றீங்களா? எங்க அந்த மார்க்கு? காட்டுங்க."

அவர் டீசல் பம்ப்பின் பல் சக்கரத்தில் விரல் வைத்தார். அவள் தையல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டார்ச் அடித்தாள். வெட்டின துணியில் மங்கிப்போன பென்சில் புள்ளியைத் தேடிப் பழகின கண் அது.

"இது மார்க்கு இல்லீங்க, வெறும் கீறல். அங்க பாருங்க, ரெண்டு பல்லு தள்ளிப் பளிச்சுனு ஒரு புள்ளி குத்தியிருக்கே, அது என்ன?"

அவர் குனிந்தார். மூக்கு சக்கரத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். அப்புறம் நகத்தால் தடவித் தடவித்தான் அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்தார். "அதான் மார்க்கு" என்றார், குரலே எழும்பாமல்.

டைலரம்மா டார்ச்சை அவர் முகத்துக்குத் திருப்பினாள். "உங்களுக்கு அது தெரியலையா?"

அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். இடது கண்ணு போயிடுச்சு. இப்ப வலதும் மங்குது. இனிமே திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

அவளுக்கு அழுகை வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. "ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு இந்தக் கண்ணோடயா ஓட்டினீங்க? எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"நீ ஓட்டக் கத்துக்கிட்டதும் சொல்லலாம்னு இருந்தேன்."

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்க நேரமில்லை. பெல்ட்டைத் தளர்த்தியது அவர் கை. "கொஞ்சம் மேல, இன்னும் ஒரு பல்லு, நில்லுங்க" என்று வழி சொன்னது அவள் வாய். பெல்ட்டை இறுக்கிச் சாவியைத் திருப்பியதும் என்ஜின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. இருவர் முகத்திலும் சிரிப்பு வரவில்லை.

அவர் டீசல் சட்டையோடு சுற்றிப்போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கியர் போட்டாள்.

"அழுதுக்கிட்டே ஓட்டினா பெயில் பண்ணிடுவாங்க" என்றார்.

"வாயை மூடிக்கிட்டு பெல்ட் போடுங்க."

தெருமுனை வந்தது. "வலது பக்கம் ஏதாவது வருதா?" என்று கேட்டார். ஒரு வருஷமாக முனைக்கு முனை இதே கேள்வி. தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துத்தான் அவள் எரிந்து விழுவாள், "கண்ணு முன்னால இருக்கறதை என்னைக் கேக்கறீங்களே" என்று. இன்றைக்கு வண்டியை நிறுத்தி, நன்றாகத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு சைக்கிள் வருதுங்க. போகட்டும், அப்புறம் போலாம்" என்றாள்.