வெள்ளையாகத் தொங்கிய கரித்துணி

ரேந்தை (லேஸ்) பின்னும் தலையணையில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. வெற்றிலை எச்சில் தெறித்துவிட்டது என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவளை முறைத்தேன். பிறகுதான் பார்த்தேன், நூலை நிறுத்தக் குத்தும் மொட்டூசி என் சுண்டுவிரலில் ஏறி நின்றது. வலிக்கவே இல்லை.

முழங்கையில் வெளுத்த தேமல் ஒன்று முன்பே உண்டு. மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்துப் பூசி வந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"தொட்டா சொல்லுங்கம்மா."

காத்திருந்து அலுத்துப்போய், "எப்ப தொடப் போறிய?" என்று கேட்டேன்.

"மூணு தடவை தொட்டாச்சு," என்றார். அவர் கையில் கோழியிறகு இருந்தது.

குஷ்டம் (நரம்பில் தங்கித் தொடு உணர்வை அழிக்கும் நோய்). அந்தச் சொல்லைக் கேட்டதும் பாதி உயிர் போயிற்று. வீட்டில் சொன்னபோது மீதியும் போயிற்று. மயிலாடியில் கல் கொத்தும் என் கணவர் மட்டும், "எனக்கும் வெரலு மரத்துதான் கெடக்கு. உளி பிடிச்ச கையில்லா," என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

இரண்டு மழைக்காலம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வாரந்தோறும் நீரடிமுத்து எண்ணெயை (காட்டு மரம் ஒன்றின் விதையெண்ணெய்) ஊசியில் ஏற்றுவார்கள். போட்ட இடம் வீங்கிக் காய்ச்சல் அடிக்கும். வேண்டாத இடத்தில் மட்டும் வலிக்கிற இந்த உடம்பை நான் திட்டாத நாள் இல்லை.

புண்ணுக்குச் சுற்றும் கட்டுத்துணி பின்னியதில் மிஞ்சிய பருத்தி நூலையும் இரண்டு மூங்கில் குச்சிகளையும் நர்சம்மா கொடுத்தார். விரலை நம்பாமல் கண்ணை நம்பிப் பின்னவேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. சிலந்தி நூல் போன்ற ரேந்தை பின்னியவள், கண்ணி நழுவியதுகூடத் தெரியாமல் பிரித்துப் பிரித்துப் பின்னினேன். கடைசியில் இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரம் வந்தது. பாத்திரம் துடைக்கலாம், சூட்டுப்பானை இறக்கலாம். எங்கள் பக்கம் அதைக் கரித்துணி என்போம். மரத்த கை சுட்டுப்போகாதபடி கெட்டியாகப் பின்னியிருந்தேன். அதைப் பிடித்து என் அடுக்களையில் ஒருமுறை சோற்றுப்பானை இறக்கவேண்டும். கர்த்தரிடம் நான் கேட்டது அவ்வளவுதான்.

இனி யாருக்கும் ஒட்டாது என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார். வீட்டில் அடுக்களை, கொழுந்தன் மனைவி பாக்கியத்தின் கைக்குப் போயிருந்தது. கெட்டவள் அல்ல. துணியை நீட்டினேன். வாங்காமல் சுவரில் இருந்த ஆணியைக் காட்டினாள்.

"அதுல மாட்டுங்க அக்கா. நீங்க பொறத்த இரிங்க. பிள்ளைய உள்ள வீடு..."

என் கணவர் உளியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

பின்சுவரை ஒட்டிக் கூரை இறக்கிய சாய்ப்பில் எனக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை. அங்கிருந்து பார்த்தால் அடுக்களை தெரியும். பாக்கியம் பழைய முண்டுக் கிழிசலைப் பிடித்துப் பானை இறக்குவாள். என் துணி ஆணியில் வெள்ளைவெளேர் என்று தொங்கும். கரித்துணி வெள்ளையாக இருப்பதைப் போல ஓர் அவமானம் கிடையாது. அதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

மாதங்கள் போயின. ஒருநாள் துணியின் நடுவில் கறுப்பாகத் தெரிந்தது. உடனே என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கே கறையைக் கண்டாலும் அது என் காயமோ என்று பார்ப்பது பழகிவிட்டது. பத்து விரலும் சுத்தமாக இருந்தன.

"ஏட்டி பாக்கியம், துணியில என்னது?"

"கஞ்சிப்பானை எறக்குனேன் அக்கா. பழசு கிழிஞ்சி போச்சி," என்றாள், திரும்பாமலே. "இது நல்ல கெட்டி. கை சுடல்ல."

இதே நோயோடு இதை வாசிக்கிறவர்களுக்கு நல்ல சேதி சொல்ல ஆசைதான். நோயில் மடங்கிப்போன சுண்டுவிரல் நிமிரவில்லை. இன்றும் சாய்ப்பில்தான் இருக்கிறேன். அந்தப் பானையை நான் இறக்கவில்லை. மற்றவர்களுக்குப் பட்டவுடன் வலிக்கும். எனக்கு மறுநாள் வெளிச்சத்தில் கையைப் பார்த்த பிறகுதான் பட்டதே தெரியும். என் உடம்பின் சேதி எல்லாம் பிந்தித்தான் வருகிறது.

அன்று பாக்கியம் தண்ணீருக்குப் போனதும் அடுக்களைக்குள் நுழைந்து துணியை எடுத்தேன். விரல்கள் ஒன்றும் சொல்லவில்லை. கரி படிந்த இடத்தைக் கன்னத்தில் வைத்தேன். கன்னத்தில் எனக்கு உணர்வு உண்டு. துணியில் இன்னும் சூடு இருந்தது.