டாக்டர் பங்களா முத்தம்மா

பெசன்ட் நகரில் டாக்டர் சுவாமிநாதனின் பங்களாவுக்கு இரண்டு வாசல். முன்வாசல் வீட்டாருக்கு, ஊரூர் குப்பத்தைப் பார்த்த பின்வாசல் நோயாளிகளுக்கு. அந்தப் பின்வாசலில் முப்பத்தொரு வருஷம் புண்ணுக்குக் கட்டுப் போட்டவள் முத்தம்மா. தூண்டில் முள் ஏறிய கை, படகு மோதிக் கிழிந்த தொடை, எது வந்தாலும் முகம் சுளிக்க மாட்டாள். கூடவே நின்றதில் டாக்டரின் இங்கிலீஷும் பாதிக்கு மேல் புரியும்.

அவள் புருஷன் அங்கமுத்துவுக்குச் சர்க்கரை. வலது காலை எடுத்தே ஆக வேண்டும் என்று ஒருமுறை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். டாக்டர் ஐந்து மாதம் தினமும் பார்த்து அந்தக் காலைக் காப்பாற்றினார்.

டாக்டர் இறந்ததும் மகள் ஆஷா பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தாள். அவளும் டாக்டருக்குப் படித்தவள்தான். ஆனால் பங்களாவை விருந்துக்கும் கச்சேரிக்கும் வாடகைக்கு விட்டாள். மார்கழியில் அங்கமுத்துவின் அதே காலில் மறுபடி புண் கண்டது. முத்தம்மா முன்வாசலில் போய் நின்றாள்.

"ஒரே ஒரு வாட்டி பாரும்மா. கருத்துகினே வருது."

"நான் பேஷண்ட் பாக்கறதில்லை முத்தம்மா. ஒருத்தரைப் பாத்தா குப்பமே வந்து நிக்கும்."

ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று முறை வருவதற்குள் புண் மேலே ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மாசியில் ஆஷாவே ஆள் அனுப்பினாள். பங்களாவின் கதையைக் கேட்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்களாம். டாக்டர் பேருக்காக முத்தம்மா போனாள்.

"இவள் புருஷன் இன்று நடமாடுகிறான் என்றால் அது என் அப்பாவால்தான்" என்று ஆஷா இங்கிலீஷில் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். முத்தம்மாவிடம் மைக் வந்தது.

"அந்தக் கால் இப்ப இல்லம்மா. தை மாசம் எடுத்துட்டாங்கோ. உன்னாண்ட வந்தேனே நானு."

ஆஷாவின் சிரிப்பு மாறவில்லை. விருந்தாளிகள் பக்கம் திரும்பினாள். "புருஷன் சௌக்கியமாக இருக்கிறானாம். அப்பாவைத் தினமும் நினைத்துக்கொள்கிறார்களாம்" என்று இங்கிலீஷில் சொன்னாள். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு சொல்லும் முத்தம்மாவுக்குப் புரிந்தது. "நோ... நோ லெக்" என்று ஆரம்பித்தாள். ஆஷா மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"நாழியாச்சு. உள்ள போய் டிபன் சாப்டுட்டுக் கிளம்பு."

சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தாள். அங்கமுத்துவின் கட்டு நனைந்திருந்தது.

"இன்னா பேசினாங்கோ அங்க?"

"உன்னைப் பத்திதான்" என்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கட்டைப் பிரிக்க உட்கார்ந்தாள்.