தலைமாட்டில் ஒரு விளக்கு

அக்காவுக்கு மார்பில் ஆபரேஷன் முடிந்து, கீமோவும் முடிந்து, "இனி பயமில்லை, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை நம்பாதவள் அக்கா ஒருத்திதான். பரமத்தி வேலூர்ப் பக்கம் கொடிக்கால் வைத்து வெற்றிலை விற்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் அவள். செக்கப்புக்கு வசதி என்று சேலத்தில் என் வீட்டில் வந்து இருந்தாள். தட்டில் போட்டதில் இரண்டு வாய் சாப்பிடுவாள், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பார்க்க வரும் சொந்தங்கள் ஆரஞ்சுப் பழப் பையோடு கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டு, "ஒண்ணுமில்லீங்க, எல்லாஞ் சரியாப் போயிருமுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பார்கள். அவள் வீட்டுக்காரரும் அப்படித்தான். நல்ல மனிதர்தான், ஆனால் மனைவியின் கையைக்கூடத் தொடப் பயந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரார் உடம்பைப் பிடித்துவிட்டுப் பிழைக்கிறவள் நான். என் கூடப் பிறந்தவளைத் தொட ஆளில்லை.

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு வாடகை மாடியில் பெண்களுக்கு மட்டுமான ஸ்பா நடத்துகிறேன். முதலில் அது பியூட்டி பார்லர். புருவம் திருத்துவதிலும் மணப்பெண் அலங்காரத்திலும் தெருவுக்குத் தெரு போட்டி வந்தபோது, இனி ஸ்பாதான் ஓடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது பொய்யில்லை. போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளிகளின் மனைவிகள் வந்தார்கள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கழுத்து பிடித்துப்போன பெண்கள் வந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெண்ணையும் தோழிகளையும் கூட்டமாக அழைத்து வந்தார்கள். ஆனால் ஸ்பா என்று பலகை மாட்டிய அன்றே கட்டடத்துச் சொந்தக்காரர் மாடியேறி வந்து, "அந்தப் பேரு வேண்டாமுங்க, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்றார். வெல்னஸ் என்று மாற்றினேன். பெயரை மாற்றினால் பேச்சு நின்றுவிடுமா? அடுத்த தெருவில் பெரிய கம்பெனியொன்று கண்ணாடிக் கதவோடு கிளை திறந்தது. நான் பாடுபட்டுத் தொழில் பழக்கிய பெண்களைக் கூடுதல் சம்பளம் காட்டிக் கொத்திக்கொண்டு போனது. அதற்கு வாடிக்கையாளர்களைவிட என் பெண்கள்மேல்தான் கண்.

இந்த நெருக்கடியில்தான் பெங்களூரிலிருந்து ஆலோசகர் ஒருத்தியை வரவழைத்தேன். ஸ்வீடிஷ் மசாஜும் தாய்லாந்து மசாஜும் பழசாகிவிட்டன, இனி பாரம்பரியம்தான் விற்கும் என்றாள் அவள். உங்கள் ஊரில் தலைக்கு என்ன தேய்ப்பீர்கள் என்று கேட்டாள். நல்லெண்ணெயும், சீயக்காய்போல எண்ணெய் போக்கும் அரப்பு இலைப் பொடியும் என்றேன். கண்கள் விரிந்தன அவளுக்கு. இரண்டே நாளில் எல்லாவற்றையும் வடிவமைத்துக் கொடுத்துவிட்டாள். வருகிற பெண்ணை மல்லாந்து படுக்க வைக்க வேண்டும். மார்பு வரை வெள்ளைப் பருத்தித் துணி. தலைமாட்டில் பித்தளை விளக்கு. இரு பக்கமும் இரண்டு பேர் நின்று முதலில் எண்ணெய், பிறகு அரப்பு. உள்ளங்கை படக் கூடாது, புறங்கையால் மெல்லத் தொட்டு வைக்க வேண்டும், அதுதான் மென்மை என்றாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோமே என்று நான் வியந்துபோனேன். போட்டோ எடுத்துப் போட்டோம். வெளியூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்த பெண்கள் வரிசையாக முன்பதிவு செய்தார்கள். உள்ளூர்க்காரிகள் யாரும் அதைக் கேட்கவில்லை. வீட்டில் இருக்கிற அரப்புக்கு இங்கே வந்து காசு கொடுப்பானேன் என்று நினைக்கிறார்கள் போல, என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அக்காவுக்குத் தலைமுடி விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. டாக்டரிடம் கேட்டேன். ஆபரேஷன் செய்த பக்கத்தை விட்டுவிட்டுத் தலைக்கும் காலுக்கும் மெதுவாகத் தேய்க்கலாம் என்றார். நல்லதாக ஒன்று செய்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற முன்பதிவுகளை ஒதுக்கிவிட்டு அவளை அழைத்துப் போனேன். உதவிக்குத் தம்மம்பட்டிக்காரப் பெண் ஒருத்தியை மட்டும் வரச் சொல்லியிருந்தேன். அக்கா படுத்தாள். துணியைப் போர்த்தினோம், விளக்கை ஏற்றினோம். நான் எண்ணெய் தொட்டு வைக்க, அந்தப் பெண் அரப்புக் கிண்ணத்தோடு எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். எனக்கு மனம் நிறைந்திருந்தது. கடைசியில் என் அக்காவை ஆசையாகத் தொடுகிற இடம் ஒன்று இருக்கிறது, அது என் இடம் என்று பெருமையாகவும் இருந்தது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டாள் அக்கா. கண் மூடியே இருந்தது.

"யாரும் வரலைக்கா. இன்னிக்கு உனக்காவத்தான் தொறந்திருக்கறேன்" என்றேன்.

"உங்க மாமா எங்க நிக்கறாரு?"

"அவரு ஊர்லயல்ல இருக்கறாரு. ஏனுக்கா?"

"கோடி எடுத்தாந்தியா அம்மிணி? பொறந்த ஊட்டுல இருந்து நீதான கொண்டாரோணும்."

எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் அவள்மேல் போர்த்தப் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அதுதான் கோடி. அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது நான் ஒருத்திதான். கையை எடுத்துவிட்டு ஓரடி பின்னால் வந்து அந்த மேசையைப் பார்த்தேன். எத்தனை இழவு வீட்டில் பார்த்த காட்சி! வெள்ளைத் துணி, தலைமாட்டில் விளக்கு, சுற்றிலும் பெண்கள் நின்று புறங்கையால் வைக்கும் எண்ணெயும் அரப்பும். உயிரோடு இருக்கிறவர்கள் உட்கார்ந்துதான் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள் என்பது இந்தச் சீமையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பெங்களூர்க்காரிக்குத் தெரியாதது குற்றமில்லை. எனக்கு எங்கே போயிற்று புத்தி? தம்மம்பட்டிப் பெண்ணுக்கும் அந்த நொடியில்தான் உறைத்திருக்க வேண்டும். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் விளக்கை ஊதி அணைத்தேன். "அக்கா, தெரியாமப் பண்ணிப்போட்டேன்க்கா" என்றேன்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "நீ என்ன புதுசாப் பண்ணிப்போட்ட? ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லைன்னு எட்ட நின்னு சொல்லிச் சொல்லியே எல்லாரும் என்னைய எப்பவோ கெடத்திப்போட்டீங்க. நீ வெளக்கு வெச்ச, அவ்வளவுதான்." பிறகு முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். "என்னையத் தூக்கி உக்கார வெய்யி. உக்கார வெச்சுத் தேயி."

உட்கார வைத்தோம். உள்ளங்கை நிறைய எண்ணெய் எடுத்துச் சூடு பறக்கத் தேய்த்தேன். அப்போதுதான் அக்கா அழுதாள். நோய் வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், கீழ்வீட்டுக்குக் கேட்கும்படி ஓவென்று அழுதாள். சாவதற்குப் பயமாக இருக்கிறது என்று முதல்முறையாகச் சொன்னாள். ஒண்ணுமில்லக்கா என்று எனக்கும் வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றேன்.

மறுநாள் விளக்கைக் கால்மாட்டுக்கு மாற்றினேன். முன்பதிவு செய்து வந்த பெண் ஒருத்தி, போட்டோவில் இருப்பதுபோல் இல்லையே என்று முகம் சுளித்தாள். வாடகை கட்ட வேண்டும், அடுத்த தெருக் கண்ணாடிக் கதவோடு மல்லுக்கட்ட வேண்டும், என்ன செய்வது? விளக்கு திரும்பவும் தலைமாட்டுக்குப் போனது. இப்போதும் அந்த அறையில் யாராவது சின்னப் பெண் சொகுசாகக் கண் மூடிக் கிடப்பதைப் பார்த்தால், எழுந்து உட்காரம்மா என்று சொல்ல வாய்வரை வருகிறது. நிறுத்தவும் முடியவில்லை, நிம்மதியாக நடத்தவும் முடியவில்லை.

அக்கா அழுத அந்த வாரத்தின் கடைசியில் அவள் தானாகவே கிளம்பி நின்றாள். "வா, போயி என்ற கோடிய எடுத்துட்டு வரலாம்" என்றாள். பைத்தியமா உனக்கு என்று சத்தம் போட்டேன். கேட்கவில்லை. கடைவீதியில் புடவைக் கடைக்காரர், "என்ன விசேஷமுங்க?" என்று விசாரித்தார். "பொறந்த ஊட்டுக் கோடிங்க" என்றாள் அக்கா. அவர் முகம் மாறியது. விரித்த பட்டுகளை ஓசையில்லாமல் மடித்து வைத்துவிட்டுச் சாதாரணச் சேலைகளை எடுத்துப் போட்டார். "யாருங்க தவறிட்டாங்க?"

"ஆரும் தவறலீங்க. எனக்குத்தான். அந்த மேல இருக்கற அரக்குச் சேலைய எடுங்க."

கண்ணாடி முன்னால் நின்று முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டாள். இடது பக்கம், ஆபரேஷன் செய்த பக்கம், நிற்காமல் வழுக்கியது. நான் நகர்ந்து போய் அங்கே கை வைத்து மடிப்பை நீவிவிட்டேன். அந்த இடத்தை நானும் அதுவரை தொட்டதில்லை. அக்கா கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ வெறுங்கையோடவே வா. கோடி எங்கன்னு கேப்பாளுக. அவ உசுரோட இருக்கையிலயே கட்டிக் கட்டிக் கிழிச்சுப்போட்டாள்னு சொல்லு."