செம்புக் குழாய்க்குள் அடைத்த ரொட்டி

போன வருஷம், சித்திரை வெயிலில், சிதம்பரத்தில் ஒரு வீட்டை விட்டு வெளியேறி பஸ் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பை, பைக்குள் பளபளவென்று ஒரு புதுக் குழாய்மூக்கு. விட்டுவிட்டு வந்த வீட்டில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கோபம் யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லார் மேலும் இருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். இறால் பண்ணை, செங்கல் சூளை, செம்மங்குப்பத்தில் காண்ட்ராக்ட் வேலை என்று யார் கூப்பிட்டாலும் போவேன். அந்த வாரம் ஒரு பிளம்பிங் மேஸ்திரியிடம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர். அவர் மனைவிக்குப் பக்கவாதம், ஒரு பக்கம் கையும் காலும் வராது. தினமும் வெந்நீரில் உட்கார்ந்து காலை ஆட்டினால் நடக்க வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகக் குளியலறையில் பெரிய தொட்டி வைத்து, சுவருக்குள் செம்புக் குழாய் பதித்திருந்தார். நம் ஊரில் யார் செம்பு பதிக்கிறார்கள்? அங்கே பார்த்தாராம், இங்கேயும் வேண்டுமாம். தொட்டிக்குள் தண்ணீர் விழும் குழாய்மூக்கு கசிந்தது. மாற்றுவதற்குப் புதிதும் அவரே அங்கிருந்து வரவழைத்து வைத்திருந்தார்.

மேஸ்திரி பழைய மூக்கைப் பைப் ரெஞ்சால் பிடித்துச் சுற்றினார். அசையவில்லை. “எல்லாத்துக்கும் மரை இருக்கும்டா, சுத்துனா வரும்” என்று ரெஞ்சின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி முழுப் பலத்தையும் போட்டார். இரும்புக் குழாயிலேயே காலம் தள்ளிய கை. மூக்கு வந்தது. கூடவே சுவருக்குள் இருந்த செம்புக் குழாயும் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக் கிழிந்தது. தண்ணீர் முகத்தில் அடித்தது. மெயின் வால்வை ஓடிப்போய் மூடினேன்.

“கடலூர்ல கெடைக்கும், ஒரு துண்டு காப்பர் பைப்பு வாங்கியா. நா டீ குடிச்சிட்டு வந்துர்றேன்” என்று போன மேஸ்திரி போனையும் அணைத்துவிட்டார்.

“அவன் ஓடிட்டான். நீயும் அப்புடியே பஸ் ஏறிடாத” என்றார் கட்டிலில் படுத்திருந்த அந்த அம்மா. வாய் லேசாகக் கோணியிருந்தாலும் பேச்சில் குறைவில்லை. உண்மையில் நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் புது மூக்கு என் பையில் இருந்தது. அதை அளவு பார்க்கக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

கடலூரில் கடை கடையாக ஏறினேன். “காப்பரா? பாத்திரக் கடையில கேளு தம்பி” என்றார் ஒருவர். இன்னொருவர் பையைத் திறந்துகூடப் பார்க்காமல், “வெள்ள டேப்ப ஜாஸ்தியா சுத்தி ஏத்து, நிக்கும்” என்றார். கேட்காத ஆட்களும் அதையே சொன்னார்கள்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடை வாசலில் பைக் நின்றது. பின்சீட்டில் செம்புக் குழாய் சுருள். ஏசி மெக்கானிக் ஒருவர் வடை தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மூக்கை வாங்கி உள்ளே சுண்டுவிரலை விட்டார்.

“இதுல மரையே இல்லியே மாமா. ரப்பர் வளையந்தான் இருக்கு. இத சுத்தக் கூடாது, தள்ளணும். அடியில பாரு, குட்டி ஸ்குரூ. அத இறுக்குனா பைப்ப கவ்விக்கும்.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்தக் குட்டி ஸ்குரூவைத் தளர்த்தியிருந்தால் பழையது கையோடு வந்திருக்கும். “சாயந்தரம் எனக்கும் செதம்பரத்துல ஒரு ஏசி இருக்கு, ஏறு” என்றார்.

சிதம்பரம் வந்து சுவரைப் பார்த்த மெக்கானிக், முறுக்கிய இடத்தை வெட்டி எடுக்க இரண்டு டைல்ஸை உடைக்க வேண்டும் என்றதும் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். “இந்த டிசைன் இனிமே கெடைக்காதுப்பா!”

“டைல்ஸ பாத்துக்கிட்டே நடந்துருவனா நானு? ஒடைங்கப்பா” என்று கட்டிலில் இருந்து குரல் வந்தது.

உடைத்தோம், வெட்டினோம். ஏசிக் குழாய் அளவு ஒத்துப்போனது. ஆனால் மூடிய வால்வு முழுதாக மூடவில்லை. குழாய்க்குள் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது. புதுத் துண்டைச் சேர்த்துப் பற்றவைக்க நெருப்பைக் காட்டினால் ஆவி அடிக்கிறது, செம்பு சூடே ஏறவில்லை. காய்ந்த குழாயில் மட்டும் வேலை பார்த்த மெக்கானிக், “தண்ணி நிக்காம பத்த வெக்க முடியாது மாமா” என்று நெருப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். வீட்டுக்காரர் மேஸ்திரிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

“எனக்குக் குடுக்குற ரொட்டிய அதுல அடைங்க” என்றார் அந்த அம்மா எரிச்சலோடு. “தொண்டையிலயே எறங்க மாட்டங்குது. தண்ணி மட்டும் தாண்டி வந்துருமா?”

மெக்கானிக்கும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். தட்டில் இருந்த ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து உருட்டி, குச்சியால் குழாயின் உள்ளே தள்ளினேன். சொட்டு நின்றது. அவர் சட்டென்று நெருப்பைப் பற்றவைத்தார். புதுத் துண்டு ஒட்டிக்கொண்டது. ஆறியதும் வால்வைத் திறந்தேன். இருமின மாதிரி ஒரு சத்தம், கூழாகிப்போன ரொட்டி வந்து விழுந்தது, பின்னாலேயே தண்ணீர். வால்வை மறுபடி மூடி, குழாயின் வாயை அரத்தால் வழித்து, மூக்கைத் தள்ளி, ஸ்குரூவை இறுக்கித் திறந்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

உடைத்த இடத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அன்று இரவே அந்த அம்மாவைத் தொட்டியில் இறக்கினார்கள். “ரொட்டி வாசன அடிக்கிது” என்று உள்ளே இருந்து சத்தம் கேட்டது. நன்றி என்று எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மேஸ்திரி வேறு வீட்டுக்குக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அந்த வீட்டிலேயே இரண்டு டைல்ஸ் ஒட்டும் வேலையை எடுத்துக்கொண்டேன். வெள்ளைச் சுவரில் நீலமாக இரண்டு, கிடைத்தது அதுதான். சிமெண்ட் பூசும்போது அந்த அம்மா குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எப்போது காயும், எப்போது இறங்குவது என்று திட்டிக்கொண்டே இருந்தார். வேலை தெரியாதவன், ஓடிப்போகிறவன் என்று எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். என் வேலை முடியட்டும் என்று ஒருவர் காத்திருந்து திட்டியது அன்றைக்குத்தான், அதனால் இன்றும் யாராவது என்னை அவசரப்படுத்தினால் பாதிக் கோபத்திலேயே சிரிப்பு வந்துவிடுகிறது.